பாலைவனத்தில் பாசி: ஜைசல்மேரில் மூன்று இரவுகள்

ராஜஸ்தானின் ஜைசல்மேரில் எங்கே தங்கலாம் என்று போய்வந்தவர்களைக் கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். கோட்டைக்குள்ளேயே தங்கு, அது தனி அனுபவம் என்பார் ஒருவர். கீழே ஊருக்குள் தங்கினால்தான் வசதி என்பார் இன்னொருவர். இரண்டுமே வேண்டாம், நேராக மணல்மேட்டுக்குப் போய்க் கூடாரத்தில் படு என்பார் மூன்றாமவர். 2024 டிசம்பர் கடைசியில் மூன்று இரவு போன நாங்கள் மூன்றையும் பார்த்துவிட்டோம். திட்டம் போட்டுப் பார்க்கவில்லை. முதல் இரவுக்கு நான் எடுத்த முடிவு சரியில்லாமல் போனதால் மற்றவை தானாக வந்தன.

கோவையில் வீடு கட்டிக்கொடுக்கும் தொழில் எனக்கு. அடுத்தவர் வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்தே எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆள், ஜன்னலோரத் திண்டும் மெத்தையும் தெரிகிற நாலு படத்தைப் பார்த்து முன்பணம் கட்டினேன். அந்த முடிவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

போனவர்கள்

ஆறு பேர். நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 74. இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் எவ்வளவு தூரமானாலும் நடப்பார். படி என்றால் நாலாவது படியில் நின்றுவிடுவார். ராத்திரியில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக எழுந்திருப்பார். அம்மாவுக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை. ஆனால் விடிவதற்கு முன் தலைக்கு ஊற்றாமல் காபியைத் தொட மாட்டார். மகனுக்கு ஒட்டகம் வேண்டும். மகளுக்குச் செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் போதும்.

எங்கே தங்குவது என்று முடிவு செய்யத் தேவையான எல்லாமே இந்தப் பத்தியில் இருக்கிறது. அப்பாவின் முழங்கால், ராத்திரி எழுவது, அம்மாவின் குளியல். இந்த மூன்றையும் நான் ஒரு பேப்பரில்கூட எழுதிப் பார்க்கவில்லை.

போன நேரமும் நம் கையில் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரையாண்டு லீவில்தான் போக முடியும். அந்த வருடம் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை. ஜைசல்மேருக்கு அதுதான் உச்ச வாரம். அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரை சீசன். கோடையில் 45 டிகிரியைத் தாண்டுகிற ஊர் அது. சீசனிலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை டெல்லி, குஜராத், மும்பைக் கூட்டம் மொத்தமும் அங்கே இறங்குகிறது. நவம்பரில் 2,800 ரூபாய் என்று சொன்ன அறைக்கு எங்கள் தேதிக்கு 5,200. நாங்கள் போவதற்குச் சில நாள் முன்னால்தான் 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் அங்கே நடந்திருந்தது. கேரமல் பாப்கார்னுக்கு 18 சதவீதம் என்று நாடே சிரித்ததே, அதே கூட்டம்தான். 

கோட்டைக்குள் இரண்டு அறை, இரண்டு இரவு. மூன்றாம் இரவு மணல்மேட்டில் கூடாரம். இப்படித்தான் பதிவு செய்தேன்.

முதல் இரவு: கோட்டைக்குள்

ஜோத்பூரிலிருந்து ராத்திரி ரயில். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜைசல்மேரில் இறங்கினோம். ஒரு ராத்திரி வாடகை மிச்சம் என்று நான் போட்ட கணக்கு அது. அதில் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன். அறை கிடைப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. இன்னொன்று, நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிற ஊர் என்பதால் டிசம்பரில் அங்கே சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். கோவையில் ஆறரைக்கு வெளுத்துவிடும் வானத்துக்குப் பழகிய நாங்கள், ஏழு டிகிரிக் குளிரில், இருட்டில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடியலுக்குக் காத்திருந்தோம். அம்மா கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, "ஏன் கண்ணு, இந்த ஊர்ல சூரியனுக்கும் லீவா?" என்றார்.

ரயில் நிலைய வாசலிலேயே லப்கா பிடித்துக்கொண்டார். பயணிகளை மடக்கித் தனக்குக் கமிஷன் தருகிற ஹோட்டலுக்கு இழுத்துப் போகிறவர்களுக்கு ராஜஸ்தானில் அதுதான் பெயர். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார். கோட்டைக்குள் என்றேன். "ஐயோ சார், கோட்டை இடிஞ்சுகிட்டு இருக்கு, அங்கே போகாதீங்க. என் ஹோட்டல் பக்கத்துலதான்." கமிஷனுக்குச் சொல்கிற கதை என்று நகர்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிய மறுநாள் காலை வரை ஆயிற்று.

கோட்டைக்குள் போவது அழகான விஷயம், அதை மறைத்து எழுத மாட்டேன். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாலு வாசல். வளைந்து வளைந்து ஏறும் கல் பாதை. எத்தனையோ தலைமுறைக் கால்கள் பட்டுக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. 1156இல் பாட்டி என்ற குலத்து ராஜபுத்திரரான ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டை, தொண்ணூற்றொன்பது கொத்தளங்கள், எல்லாமே மஞ்சள் மணற்கல். மற்ற கோட்டைகளில் டிக்கெட் வாங்கிப் போய், பார்த்துவிட்டு மாலையில் வெளியே வந்துவிடுவோம். இங்கே ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கிறார்கள். பால்காரர் மணி அடிக்கிறார், பசு சந்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, திண்ணையில் பாட்டி ஒருவர் பட்டாணி உரிக்கிறார். இரண்டு தப்படியில் சமணக் கோயில்கள். இந்தக் கல்லில் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடியுமா என்று நாமே தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

அப்புறம் நாங்கள் பதிவு செய்த விடுதியின் படிக்கட்டு வந்தது.

முப்பத்தோரு படி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அடி உயரம். நாங்கள் வீட்டுக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு அங்குலம் வைப்போம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மேலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அப்பா கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை ஏற வெச்சுட்டு இறக்கறதுக்கு கிரேன் வெச்சிருக்கியா?" என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து ஏற இருபது நிமிடம் ஆயிற்று. விடுதிக்காரர் நல்ல மனிதர். அறை காலியாகும் வரை மொட்டை மாடியில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையும் இஞ்சி டீயும் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால் ஏறிய அப்பா அன்றைக்குப் பகல் முழுவதும் இறங்கவில்லை. கோட்டைக்குள்ளேயே இருந்து கோட்டையைப் பார்க்காமல் இருந்தவர் அவராகத்தான் இருப்பார். நாங்கள் சாயங்காலம் சுற்றிவிட்டு வந்தபோது ஜன்னல் திண்டில் உட்கார்ந்து கீழே ஊர் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஜன்னல் உண்மையிலேயே படத்தில் இருந்தது போலவே இருந்தது. குறை ஜன்னலில் இல்லை.

ராத்திரி அறைக்குள் ஒரு வாசம். மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாசம். ஆண்டு முழுவதற்கும் இருபது சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத ஊரில் ஓதம் அடிக்கிறது! பாத்ரூம் சுவரில் டார்ச் அடித்தேன். இடுப்பு உயரம் வரை கல் நிறம் மாறியிருந்தது. மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தடவினால் ரவை மாதிரி உதிர்ந்தது. இது எனக்குத் தினமும் பார்க்கிற வியாதி. கல் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் உப்பைத் தூக்கிக்கொண்டு ஏறும், மேலே காய்ந்ததும் உப்பு பூத்துக் கல்லின் தோலை உரிக்கும்.

காலை ஐந்துக்கு அம்மா எழுந்து குழாயைத் திறந்தார். மாடியில் சோலார் ஹீட்டர். பகலெல்லாம் சூடான தண்ணீர் ராத்திரியே தீர்ந்திருந்தது. வந்தது பச்சைத் தண்ணீர், ஐஸ் மாதிரி. சமையல்காரப் பையனை எழுப்பி, கேஸ் அடுப்பில் இரண்டு வாளி காய்ச்சி, அந்தப் படியில் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்க ஆறு மணி ஆயிற்று. அம்மா குளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் வெளியே சந்தில் நின்றிருந்தேன். சுவரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சோப்புத் தண்ணீர். அது விழுந்து விழுந்து மஞ்சள் கல்லில் கீழ் வரை ஒரு பட்டை இறங்கியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சை. பாசி.

பாலைவனத்தில் பாசி. என் தொழிலில் இதைவிடத் தெளிவாக ஒரு சுவர் பேசிப் பார்த்ததில்லை.

தண்ணீர் எங்கே போகிறது

கோட்டை நிற்கிற குன்றுக்குப் பெயர் திரிகூடம். நம் குற்றாலத்துக்கும் திரிகூடமலை என்றுதான் பெயர். அங்கே மலை தண்ணீரை வெளியே கொட்டுகிறது. இங்கே மலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. குன்று என்றால் கருங்கல் பாறை என்று நாம் நினைப்போம். இது மணற்கல்லும் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகச் சேர்ந்த குன்று. ஈரம் பட்டால் களிமண் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல்தான் இவ்வளவு எடை.

கட்டினவர்களுக்கு இது தெரியாமலில்லை. தண்ணீர் என்பது கீழே கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வந்தது. குடத்தில் வந்த தண்ணீரை யாரும் ஊற்றிக் கழுவ மாட்டார்கள். எப்போதாவது பெய்கிற மழையை நாலு பக்கமும் வெளியேற்ற குட் நாலி என்ற வடிகால் வைத்திருந்தார்கள். மரக்கட்டையும் மேலே மண்ணும் போட்ட கூரை அந்த வானத்துக்குப் போதும். கல்லும் கல்லும் ஒன்றையொன்று பிடித்து நிற்கிற கட்டுமானம், கலவை பூசி இறுக்கியது அல்ல.

அப்புறம் குழாய்த் தண்ணீர் மேலே ஏறியது, கூடவே சுற்றுலாவும் வந்தது. குடும்பம் நடத்துகிற வீடு என்றால் நாலைந்து பேர் குளிப்பார்கள். அதே வீட்டில் ஆறு அறை கட்டி, ஒவ்வொன்றுக்கும் பாத்ரூமும் ஃபிளஷும் வைத்தால் எத்தனை வாளி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வடிகால் அதற்கு ஏற்ற மாதிரி மாறவில்லை. கசிந்தது குன்றுக்குள் இறங்கியது. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கிற இடங்கள் என்று வெளியிட்ட முதல் பட்டியலிலேயே இந்தக் கோட்டையின் பெயர் வந்தது. இடிந்து கிடந்த ராணி அரண்மனையை அவர்களும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து எடுத்துக் கட்டினார்கள். 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாங்கள் போவதற்கு நாலு மாதம் முன்னால், 2024 ஆகஸ்டில், பலத்த மழைக்கு வெளிச்சுவரில் ஒரு பகுதி சரிந்து விழுந்திருந்தது. லப்கா அதைத்தான் சொல்லியிருக்கிறார். கோட்டைக்குள் இருக்கிற எந்த விடுதியையும் பரிந்துரைக்க மாட்டோம் என்று பயண வழிகாட்டி நூல்களே ஒரு காலத்தில் எழுதியதும் இதனால்தான்.

விடுதிக்காரரிடம் குழாயைக் காட்டினேன். கோபப்படவில்லை. "என் தாத்தா பிறந்த வீடு சார் இது. அறை வாடகைக்கு விடலைன்னா நான் இங்கே என்ன செய்யறது? கீழே போனா எனக்கு வீடு யார் தருவா? நீங்க ரெண்டு நாள் குளிச்சுட்டுப் போயிடுவீங்க. எங்க வீட்டுத் தண்ணியும் அதே வழிலதானே போகுது?" என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. கோட்டையைக் காலி செய்துவிட்டால் அது ஜைசல்மேர் கோட்டையாகவே இருக்காது. பட்டாணி உரிக்கிற பாட்டியும் இருக்க மாட்டார். ஆனால் குடியிருப்பவர் ஊற்றுகிற வாளியும் நான் ஊற்றுகிற வாளியும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வேறு இடம் இல்லை. எனக்கு இருநூறு அடி கீழே இருந்தது.

சரி, இதெல்லாம் ஞானம். உண்மையைச் சொன்னால், அன்று காலை அறையை மாற்றச் சொன்னது கோட்டையின் மேல் உள்ள அக்கறை இல்லை, அப்பா. ராத்திரி பாத்ரூம் வாசல்படியில் தடுமாறி, நல்லவேளை கதவைப் பிடித்துக்கொண்டார். மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, மாமாவைப் பார்த்தா பயமா இருக்குதுங்க. காசு போனாப் போகட்டும், கீழ போயிரலாம்" என்றார். அதோடு முடிந்தது. இரண்டாம் நாள் வாடகையை விடுதிக்காரர் திருப்பித் தரவில்லை. சீசனில் கடைசி நேரத்தில் காலி செய்தால் தர மாட்டார்கள்தான். ஆனால் அவர் மகன் எங்கள் ஐந்து பெட்டியையும் கோட்டைக்குள் இருக்கிற தசரா சௌக் சதுக்கம் வரை தூக்கி வந்து, அப்பாவை ஆட்டோவில் கைபிடித்து ஏற்றிவிட்டுப் போனான். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இரண்டாம் இரவு: கீழே

இதில் சொல்ல அதிகமில்லை. நன்றாக அமைந்த விஷயத்தைப் பற்றி என்ன எழுதுவது?

முதலில் போன் செய்த ஓர் இடத்தில் அறைக்கு 900 ரூபாய் என்றார்கள். அந்த வாரத்தில் 900 ரூபாயா என்று சந்தேகப்பட்டுக் கேட்டால், ஒட்டகச் சவாரியை அவர்களிடமே எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால்? "அப்ப அறை இல்ல சார்." இந்த ஊரில் ரொம்ப மலிவான அறை என்றால் பெரும்பாலும் இதுதான் உள்கதை, அறையில் விட்டதைச் சவாரியில் பிடிப்பார்கள். அதை விட்டுவிட்டு, கடிசர் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு சாதாரண ஹோட்டலில் அறைக்கு 3,400 என்று இரண்டு அறை எடுத்தோம். இந்த முறை போனில் நான் கேட்ட கேள்விகள் வேறு. தரைத்தளத்தில் அறை உண்டா? வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி? வெந்நீர் சோலாரா, கீசரா? காலை ஐந்துக்கு வருமா? மேனேஜர் அலுத்துக்கொண்டே பதில் சொன்னார். ஒரே ஒரு படி, கீசர், வரும்.

வந்தது. அம்மா காலை நாலே முக்காலுக்குக் குளித்துவிட்டு, இன்னும் இரண்டரை மணி நேரம் கழித்து வரப்போகிற சூரியனுக்காக மொட்டை மாடியில் காத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏழரை வாக்கில் முதல் வெயில் பட்டது. சாம்பல் நிறத்தில் நின்ற கோட்டை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேன் நிறத்துக்கு மாறியது. ஒவ்வொரு கொத்தளமும் தனித்தனியாகத் தெரிந்தது. முந்தின நாள் நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம், இதைப் பார்க்கவில்லை. கோட்டைக்குள் இருந்தால் ஊர் தெரியும். கோட்டை தெரிய வேண்டுமானால் ஊரில் இருக்க வேண்டும். அப்பாவும் மெதுவாக மேலே வந்தார். அந்த ஹோட்டலின் மாடிப்படி ஆறு அங்குலம்.

அன்று பகலில் அவர் பழைய வியாபாரி மாளிகைகள் இருக்கிற பட்வா ஹவேலி சந்து, கடிசர் கரை என்று சமதரையில் எங்களுக்கு முன்னால் நடந்தார். கோட்டையின் சமணக் கோயில்களைப் பார்க்கவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு. நடுப்பகலுக்குள் போய்விட வேண்டிய இடம் அது. மேலே ஏறுவது என்றால் அவர் மறுத்துவிட்டார்.

மூன்றாம் இரவு: மணல்

மணல்மேட்டுக்கு இரண்டு வழி. மேற்கே 40 கிலோமீட்டரில் சாம். தென்மேற்கே ஏறத்தாழ அதே தூரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிக் குரி. சாமில் மணல் உயரம், கூட்டமும் உயரம். சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கணக்கில் கூடாரங்கள். குரி சின்னக் கிராமம், மண் குடிசை, அமைதி. அமைதி வேண்டும் என்று கேட்டிருந்தால் குரிக்குப் போயிருக்கலாம். எங்கள் முகாம் சாமில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பையனுக்கு ஒட்டகத்தோடு மணலில் ஜீப் சவாரியும் வேண்டும்.

இங்கே நாங்கள் எடுத்த ஒரே நல்ல முடிவு அம்மாவுடையது. "எல்லாரும் ஒரே எடத்துலதான் படுக்கோணும்னு சட்டமா என்ன? நாங்க மணலப் பார்த்துட்டு, சோறு தின்னுட்டு, ராத்திரியே இந்த ஓட்டலுக்கு வந்தர்றோம்." ஆறு பேர் ஒன்றாகப் போனால் ஒன்றாகத்தான் தங்க வேண்டும் என்று ஏனோ நான் நினைத்திருந்தேன். கீழே இருக்கிற இரண்டு அறையில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்றை விட்டோம். டாக்சி சாயங்காலம் எல்லோரையும் கொண்டுபோய், ஒன்பது மணிக்கு அப்பா அம்மாவை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தது.

மணலைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றினார். முழங்கால் வலிக்காரருக்கு மணல் இவ்வளவு பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. படியில் ஏற முடியாதவர் மணல்மேட்டில் கைத்தடியை ஊன்றி ஊன்றிப் பாதி வரை போய்விட்டார். "திருச்செந்தூர்ப் பக்கம் தேரி பாத்திருக்கிறேன். அது செவப்பு, இது வெளுப்பு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. போன கையோடு குளிர் இறங்கியது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

முகாமில் கலை நிகழ்ச்சி. முதலில் மாங்கணியார் என்ற பரம்பரைப் பாடகர் இனத்துப் பெரியவர் ஒருவர் கமாய்ச்சா வாசித்துப் பாடினார். வயிறு உருண்டையாக, தோல் போர்த்திய வாத்தியம். வில்லை இழுத்தால் தொண்டை கட்டிய ஆள் முனகுவது போல ஒரு நாதம். பக்கத்தில் ஒரு பையன் இரண்டு இரண்டு கட்டையை விரலிடுக்கில் வைத்துக் கடகடவென்று தாளம் போட்டான். இருபது நிமிடம். அப்புறம் கால்பேலியா ஆட்டம், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அப்புறம் ஸ்பீக்கர். அதற்கப்புறம் பதினொரு மணி வரை ஸ்பீக்கர்தான். எங்கள் முகாமில் ஒரு பாட்டு, பக்கத்து முகாமில் வேறு பாட்டு, எதிரில் மூன்றாவது. பெரியவர் கமாய்ச்சாவைத் துணியில் சுற்றிக்கொண்டு சமையல் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பாலைவனத்தின் நிசப்தம் என்று நான் படித்ததெல்லாம் பதினொன்றரைக்கு மேல் வந்தது. வந்தபோது நன்றாகவே இருந்தது.

இந்தப் பக்கமெல்லாம் பாலைவன தேசியப் பூங்காவை ஒட்டிய நிலம். கானமயில் மிஞ்சியிருக்கிற கடைசி இடங்களில் ஒன்று. நாட்டிலேயே நூற்றைம்பதுக்கும் குறைவு என்கிறார்கள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை. அதற்கு அருகே மூன்று ஸ்பீக்கரா என்று மகள்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

டெண்டுக்குள் கட்டில், ரஜாய், பின்னால் துணித் தடுப்பு போட்ட பாத்ரூம், ஃபிளஷ் உட்பட. ரஜாய் பன்னிரண்டு கிலோவாவது இருக்கும்; அதற்குள் போய்விட்டால் கதகதப்பு, மூக்கு மட்டும் வெளியே உறையும். வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஆளுக்கு ஒரு வாளி. அம்மா இருந்திருந்தால் அங்கேயே போர் வெடித்திருக்கும். தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. எங்கே போகிறது? பழக்க தோஷம், டெண்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மணலில் குழி, மேலே பலகை. முகாம் பையன் சிரித்தான். "மணல் குடிச்சுடும் சார்."

கணக்கு

கோட்டையில் இரண்டு அறை இரண்டு இரவுக்கு 20,800. கீழே மூன்று அறை-இரவுக்கு 10,200. சாமில் பெரியவர்களுக்கு 3,500, பிள்ளைகளுக்குப் பாதி என்று 10,500. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய அப்பா அம்மாவுக்கு 2,000. மொத்தம் 43,500. அதில் படுக்காத இரவுக்குக் கொடுத்தது 10,400, கிட்டத்தட்ட கால் பங்கு. ரயிலில் வந்து மிச்சம் பிடித்ததாக நினைத்தது எங்கே போயிற்று என்று தேடத் தேவையில்லை.

திரும்ப ஒரு முறை போனால், மூன்று இரவும் கீழேயே எடுப்பேன். ரயில் விடியற்காலையில் சேருமானால் முந்தின இரவிலிருந்தே அறைக்குப் பணம் கட்டிவிடுவேன். ஐந்து மணிக்குப் படுக்கை கிடைப்பது வீண் செலவில்லை. கோட்டைக்குக் காலையில் ஏறி, உள்ளே டீ குடித்து, சாப்பிட்டு, கடையில் சாமான் வாங்கி, சாயங்காலம் இறங்கிவிடுவேன். அவர்கள் பிழைப்புக்குப் பணம் போய்ச் சேரும், என் வாளித் தண்ணீர் சேராது. இது முழுத் தீர்வா என்றால் கிடையாது. மேலே அறை வைத்திருக்கிறவருக்கு ஒரு டீ விற்ற காசும் ஓர் அறை விட்ட காசும் சமமாகிவிடாது. மணலுக்கு ஒரு சாயங்காலம் போதும். இளவட்டமாக இருந்து, மணலில் படுத்து நட்சத்திரம் பார்க்க ஆசை இருந்தால் குரி; புத்தாண்டு வாரத்தில் சாம் வேண்டாம். ஆட்டம் பாட்டம்தான் வேண்டும் என்றால் சாமே சரி, அதற்காகவே வருகிற கூட்டமும் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

படிக்கட்டின் படம் கேட்க வேண்டும் என்பது நான் கற்றது. அறையின் படம் யாரும் அனுப்புவார்கள். படிக்கட்டை எடுத்து அனுப்புங்கள் என்றால் அங்கே ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனமே பதில்.

போன மாதம் என் சித்தி மகன் போன் செய்தான். டிசம்பரில் ஜைசல்மேர் போகிறானாம், கோட்டைக்குள் அருமையான அறை பார்த்திருக்கிறானாம், ஜன்னல் திண்டு, மெத்தை. மாமனார் மாமியாரும் வருகிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. படிக்கட்டையும், பாத்ரூம் வெளிச்சுவரையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு என்றேன். "வெளிச்சுவரா? எதுக்குண்ணா?" என்றான். சும்மா கேளு என்றேன்.

மூன்று நாள் கழித்து ஒரு படம் மட்டும் வந்தது. படிக்கட்டு இல்லை. வெயிலில் பளிச்சென்று மஞ்சள் சுவர், நடுவே நீட்டிக்கொண்டு ஒரு குழாய், அதற்குக் கீழே தரை வரைக்கும் பச்சைப் பட்டை.